அம்மாவை ஊருக்குக் கூட்டிப்போக உதவிய எல்லோருக்கும்

மலையகத்து உறவுகளுக்கு வணக்கம்.

நீலகிரி மாவட்டம் சேரம்பாடியிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு இலங்கை வந்தபோது 77 வயது அம்மாவையும் அழைத்து வந்திருந்தோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, சர்க்கரையும் உண்டு. அவரைத் தாங்கிப் பிடித்தவர்களில் பலருடைய பெயரோ நம்பரோ எங்களிடம் இல்லை. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தால் சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

அம்மா தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1948இல் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது கைக்குழந்தை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் தாத்தா குடும்பமும் சேர்ந்தது. 1972இல் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தார்கள். வந்த இடத்திலும் அம்மாவுக்குக் கொழுந்துக் கூடைதான். தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தார். கடல், யானை, கோட்டை என்று பிள்ளைகள் பெரிய பட்டியலே போட்டிருந்தார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அவருடைய அம்மாவைப் புதைத்த இடத்தில் ஒரு சூடம் கொளுத்த வேண்டும்.

நாங்கள் முதலில் விசாரித்த பயண ஏஜென்சி, இந்த வயசில் மலைநாடு வேண்டாம், கடற்கரை ஹோட்டலில் உட்கார வையுங்கள் என்றது. அந்தப் பேச்சைக் கேட்காமல் வந்ததற்கு முதல் துணை, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வேன் ஓட்டிய ஹட்டன் தம்பிதான். கித்துள்கலை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அவர் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். எந்தத் தேத்தண்ணிக் கடையில் உட்காரும் கக்கூஸ் இருக்கிறது, எதில் படி குறைவு என்று அவருக்கு அத்துப்படி. முழங்கால் வலிக்காரரோடு பயணம் போனவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். தம்பி, உங்கள் அம்மாவை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று எங்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை கோச்சியில்தான் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். ஊரை விட்டுப் போனதும் அந்தத் தண்டவாளத்தில்தானே. அந்தக் காலத்தில் அதை ஒப்பாரிக் கோச்சி என்பார்களாம், பிளாட்பாரம் முழுக்க அழுகைச் சத்தம். பெட்டியின் படி உயரமாக இருந்ததால் ஹட்டன் ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் உள்ளே போய் மரமுக்காலி கொண்டுவந்து போட்டார். சிங்களக்காரர், தமிழ் அவ்வளவாக வரவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றி, உட்கார்ந்தாயிற்றா என்று ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் கார்டுக்குக் கை காட்டினார். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட, அம்மாவும் சேர்ந்து கூச்சல் போட்டார். ஐயா, நாங்கள் அதைப் பார்த்தது உங்கள் முக்காலியால்தான்.

தோட்டத்து ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும் வேனை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) தாண்டி உள்ளே விடச் சொன்ன ஐயாவுக்கும் நன்றி. அதற்கு மேல் ரோடு இல்லை, கல்படிதான். பணிய லயத்துக்கு (கீழே இருக்கும் லயத்துக்கு) இறங்க வேண்டும். நாங்கள் தயங்கி நின்றபோது, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நான்கு பையன்கள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவன் கோயிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்தான். ஆயா, உட்காருங்க, ஆடாம இருங்க என்று சொல்லி அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அம்மா சாமி போல மலையிறங்கினார். பையன்களா, நன்றாகப் படியுங்கள், நன்றாக விளையாடுங்கள். உங்கள் கைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

அம்மா பிறந்த காம்பராவில் (லயத்து அறையில்) இப்போது குடியிருக்கும் அக்காவுக்கு என்ன சொல்வது? முன்பின் தெரியாத ஆறு பேர் வாசலில் வந்து நிற்கிறோம். நீங்கள் யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. அம்மா உள்ளே பார்த்து, அடுப்பு அந்த மூலையில்தான் இருந்தது என்றதும், அங்கே அடுக்கியிருந்த அரிசி மூட்டையையும் தகரப் பெட்டியையும் நீங்களே நகர்த்திவிட்டீர்கள். சுவரின் அடியில் பழைய கரி இன்னும் போகவில்லை. அம்மா அதில் விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் நீங்கள் சுட்டுத் தந்த கோதுமை மா ரொட்டியையும் சம்பலையும் தரையில் உட்கார முடியாத அம்மா உங்கள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அரிசி, மா விலை எங்களுக்கும் தெரியும் அக்கா. அன்றைக்கு உங்களுக்கு அரைநாள் பேரும், அதாவது சம்பளமும், போயிருக்கும்.

பாட்டியைப் புதைத்த இடத்தைக் காட்டித் தந்தவர், பேர் கொடுத்துவிட்டு (தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று) வீட்டோடு இருக்கும் பெரியவர். அம்மா ஊரை விட்டபோது அவருக்குப் பத்து வயதுதான் இருக்குமாம். அம்மாவை அடையாளம் கண்டு, நம்ம கங்காணி வீட்டுக்கு அடுத்த காம்பரா அக்காதானே என்றார். கல்லறை எதுவும் கிடையாது, தேயிலைக்குள் புதைத்ததுதான். ஆனால் அவருடைய ஆயாவும் அதே வரிசையில் இருப்பதால் மூன்றாவது கானுக்கு (வடிகாலுக்கு) மேலே, கல்யாண முருங்கை ஓரம் என்று நேராகக் கூட்டிப்போனார். அந்த நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டார். பத்தடி நடப்பார், போடுவார், உட்காருங்க அக்கா என்பார். அம்மா மூச்சு வாங்கி எழுந்ததும் மறுபடி தூக்குவார். போகும் முன் அட்டை ஏறாமல் அம்மாவின் காலில் சவுக்காரம் தடவிவிட்டதும் அவர் வீட்டம்மாதான். சூடம் காற்றில் அணைந்து அணைந்து போனது. பெரியவர் குடையை மறைப்பாகப் பிடித்தார்.

நுவரெலியாவில் ஏரியும் ஹக்கலைப் பூந்தோட்டமும் சீதா எலிய கோயிலும் பார்த்தோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அங்கே இரவில்தான் பயந்துபோனோம். நடந்த அசதியில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நடு இரவில் வியர்த்து, பேச்சு குழறியது. தங்கியிருந்த வீட்டுக்காரச் சிங்கள அம்மாள் உடனே 1990 என்ற எண்ணுக்கு அழைத்தார். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை அது, கட்டணம் கிடையாது. வந்த இரண்டு பேரும் முதல் காரியமாக விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், இறங்கிக் கிடந்தது. அங்கேயே மருந்து கொடுத்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்கார அம்மாள் தன் கம்பளியை அம்மாவுக்குப் போர்த்தி, விடியும்வரை கூடவே இருந்தார். வார்டில் இருந்த நர்ஸ் பெண், நானும் லயத்துப் பிள்ளைதான் அம்மா, பயப்படாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அங்கிருந்து கிளம்பிய காலத்தில் லயத்துப் பெண் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதே அபூர்வம். ஊருக்கு வந்த பிறகு அம்மா அந்தப் பெண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். மகளே, நீ நன்றாயிருக்க வேண்டும்.

எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு, பணிய லயத்து அக்கா பெயருக்குத் தோட்டத்து முகவரியில் அனுப்பியிருக்கிறோம். பெரியவருக்கும் பையன்களுக்கும் தனித்தனியாக உறையில் வைத்திருக்கிறது, பிரித்துக் கொடுங்கள். உங்களில் யாராவது ஊட்டி, கூடலூர் பக்கம் வந்தால் லாட்ஜ் எடுக்க வேண்டாம். சேரம்பாடி பஜாரில் இறங்கி, சிலோன் போய்வந்த அம்மா வீடு எது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். எத்தனை பேர் வந்தாலும் சரி, எத்தனை நாள் இருந்தாலும் சரி.

நன்றியுடன்,
அம்மா, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள்
சேரம்பாடி