பேத்தி பிறந்திருக்கிறாள்

அன்பின் செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடக் கை ஒழியவில்லை, மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. மாதம் நிறைந்துதான் பிறந்தாள், ஆனால் நிறை 2 கிலோ 200 கிராம். இரண்டரைக்குக் குறைந்தாலே நிறை குறைந்த பிள்ளையாம். துணியை விலக்கி, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக ஒட்டி வைத்திருக்கச் சொன்னார்கள், மகள் களைத்தால் நான் வைத்துக்கொள்வேன்.

1974 ஞாபகம் இருக்கிறதா உனக்கு? அரிசியும் மாவும் இல்லாமல் அம்மா மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுத்த வருஷம். தம்பி மூன்று மாதத்தில் போனான், உங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் இரண்டு பிள்ளைகள். அந்த வருஷம் இலங்கையில் பிறந்த ஆயிரத்துக்கு 50 சொச்சம் பிள்ளைகள் ஒரு வயதுக்குள் இறந்தன, தோட்டங்களில் அது நூறையும் தாண்டியது. இன்று நாட்டுக் கணக்கு பத்துக்கும் கீழே. ஆஸ்பத்திரிப் பிரசவம், ஊசி, திரிபோஷ சத்துமா, லயம் லயமாக ஏறி வந்த மிட்வைஃப் மிஸ்மார், இவர்களை நான் கையெடுத்துத்தான் கும்பிட வேண்டும்.

ஆனாலும் மனம் ஆறவில்லை, செல்வி. இப்போது இறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவை முதல் மாதத்திலேயே போகின்றன, குறைமாதமும் நிறைக் குறைவும் பிறவிக் கோளாறும்தான் காரணம், அதில் பல தாயின் உடம்பிலேயே தொடங்கிவிடுகின்றன. தப்பிய பிள்ளைகளிலும் பலர் சரியாக வளர்வதில்லை. 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம், தோட்டத்தில் 32.

என் மகளையே பார். பேர் விழாமல் நாள் சம்பளம் போய்விடுமே என்று ஏழு மாதம் வரை கொழுந்தெடுக்க மலைக்கு ஏறினாள். வீட்டுக்கு வந்தால் ஈர விறகுப் புகை. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையைத் தினமும் சாயத்தண்ணியோடு விழுங்கியிருக்கிறாள், தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று எனக்கும் தெரியாது. பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

உன் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். குளிசையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு கொடு, தேத்தண்ணியை இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடு. முட்டை, நெத்தலி, கீரை எது கிடைத்தாலும் முதலில் அவள் தட்டில் போடு, ஆம்பளைகள் சாப்பிட்ட மிச்சம் அவளுக்கு வேண்டாம்.

நேற்று மிஸ் வந்து தொங்கு தராசில் நிறுத்தார். கொழுந்துத் தராசைப் பார்த்துப் பழகிய கண், முள் நகர்கிறதா என்று மூச்சுவிடாமல் நின்றேன். 2 கிலோ 480.

உன்,
லெட்சுமி