பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதலாம் ஆண்டுப் பதிவு என்று பேச்செடுத்தாலே எங்கள் ஜெலுத்தோங் பக்கத்துப் பெற்றோர் வாட்சாப் குழுவில் வருகிற முதல் கேள்வி, "அந்தத் தமிழ்ப்பள்ளியில டிஎல்பி இருக்கா?" என்பதுதான். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் அந்த இருமொழித் திட்டம் 2016-இல் வந்தது. விரும்புகிறவர்கள் கேட்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. (2003-இல் இதே இரண்டு பாடங்களை எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்கு மாற்றி, 2012-இலிருந்து படிப்படியாகக் கைவிட்டார்கள். அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.) ஆனால் அந்த அறிவியல் பாடத்துக்கு ஓர் அறை இருக்கிறதா, நூலகம் நூலகமாகவே இருக்கிறதா இல்லை பாதியைத் தடுத்து வகுப்பு நடத்துகிறார்களா, ஓட ஒரு திடல் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. பள்ளி நிற்கிற நிலம் யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம் மலேசியாவில் தமிழ்க்கல்வியின் வரலாறு பினாங்கில்தான் தொடங்குகிறது, 1816-இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பில். அது நெடுநாள் நிலைக்கவில்லை. அப்புறம் பள்ளிகள் பெருகியது தோட்டங்களில். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் தோட்ட நிர்வாகங்கள் வைத்தன, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், சில இடங்களில் கங்காணியே வாத்தியார். நிலம், கொட்டகை எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். நகரங்களில் கோயில்களும் ஆசிரமங்களும் அந்த வேலையைச் செய்தன. இங்கே ஸ்காட்லாந்து சாலை இராமகிருஷ்ணா பள்ளியும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா பள்ளியும் அப்படி வளர்ந்தவைதான்.

சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530, அதில் பினாங்கில் 28. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில், ஐம்பது அறுபது பிள்ளைகளோடு நின்றுவிட்டது. நகரத்துப் பள்ளியிலோ வகுப்புக்கு இடமில்லை.

அரசாங்கம் பள்ளிகளை முழு உதவி பெறுபவை, பகுதி உதவி பெறுபவை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதன் வேர் இங்கேதான். ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் கல்வி அமைச்சிலிருந்து வருகிறது. நிலம் அரசாங்கத்துடையதாக இருந்தால் கட்டடமும் அரசாங்கத்தின் பொறுப்பு. தோட்டத்துடையதாகவோ கோயிலுடையதாகவோ இருந்தால் கூரை ஒழுகும்போது பள்ளியை நிர்வகிக்கும் வாரியம்தான் ஓட வேண்டும், பெற்றோர் ஆசிரியர் சங்கம்தான் விருந்து வைத்து வசூல் செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. 2012 பட்ஜெட்டில் ஒதுக்கிய 10 கோடி வெள்ளி (ரிங்கிட்) போல அவ்வப்போது வருகிறது, மாநில அரசும் ஆண்டுதோறும் மானியம் தருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மானியத்தை நம்பிக் கழிப்பறைக் கதவு மாட்டலாம், மூன்று மாடிக் கட்டடம் எழுப்ப முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நன்கொடையாக வந்த பெரிய தொடுதிரை ஒன்று வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. திறப்பு விழா, ரிப்பன், படம் எல்லாம் நடந்தது. பழைய மின்கம்பி தாங்காமல் அந்தத் திரையும் மின்விசிறிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. கம்பி மாற்றுவதற்கு யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை, பாவம் தலைமையாசிரியர்.

நிலத்தை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டால் பள்ளி மீதுள்ள பிடி போய்விடும் என்று சில வாரியங்கள் தயங்குகின்றன. அது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்காகக் கம்பெனி பெயரிலேயே காலத்துக்கும் கிடக்க வேண்டுமா? குறைந்தது நீண்டகாலக் குத்தகையாவது வாரியத்தின் பெயரில் எழுதி வாங்கலாமே, அதற்கு மாநில அரசும் நம் சட்டமன்ற உறுப்பினர்களும் துணை நிற்கலாமே.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளிப் பதிவுச் சிறப்புப் பக்கம் போடும்போது தேர்ச்சி விகிதம், விருதுப் பட்டியலோடு, ஒவ்வொரு பள்ளியும் எந்த வகை, நிலம் யார் பெயரில், எத்தனை வகுப்பறை, திடல் உண்டா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வாரியங்களிடம் கேட்டாலே கிடைக்கும், சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு