இந்த முறை நீ வண்டி ஓட்ட வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சௌக்கியம். இந்த வருஷம் சாரல் குறைவில்லை. நேற்று ஐந்தருவியில் வெள்ளம் என்று யாரையும் குளிக்க விடவில்லை.

நாங்கள் அமெரிக்கா வரும்போது எங்கே போகலாம் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். செப்டம்பர் முதல் திங்கள் உங்களுக்குத் தொழிலாளர் தின விடுமுறை, வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் கிடைக்கும் என்று ஐந்து இடங்களை எழுதி, ‘ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லுங்கப்பா’ என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் உன் அம்மா போனை வாங்கி, சாம்பார்பொடி எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்கத் தொடங்கிவிடுவாள். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

முதலில் 2017-இல் நாம் போன பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் சொல்லவில்லை, குறையாக எடுத்துக்கொள்ளாதே. ஃப்ரீமாண்டிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ், அங்கிருந்து லாஸ் வேகஸ், அப்புறம் கிராண்ட் கேன்யன், திரும்ப வீடு. நாலே நாளில் ஆயிரத்து அறுநூறு மைலுக்கு மேல். ஒவ்வொரு நாளும் விடிவதற்குள் கிளம்பினோம். நீ ஓட்டினாய், மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னாள், நாங்கள் பின்னால் இருந்தோம். கிராண்ட் கேன்யன் 277 மைல் நீளம், ஒரு மைல் ஆழம். நாம் அதன் விளிம்பில் நின்றது நாற்பது நிமிஷம். ‘ஆறு எங்கேடா?’ என்று அம்மா கேட்டாள். நாம் நின்ற இடத்திலிருந்து கொலராடோ ஆறு கண்ணில் படவில்லை. தேடுவதற்குள் இருட்டப்போகிறது என்று கிளம்பிவிட்டோம். ஊருக்கு வந்ததும் எல்லோரும் அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்வதென்றால், அந்த நாலு நாளில் நான் அதிகம் பார்த்தது உன் பின்னந்தலையை. உச்சியில் முடி கொஞ்சம் கொட்டத் தொடங்கியிருந்தது. அதை உன்னிடம் சொல்லக்கூட ஒரு சமயம் வாய்க்கவில்லை.

சரி, பட்டியலுக்கு வருகிறேன்.

நயாகரா. காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் ‘நயாகரா பார்த்தாச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள். அமெரிக்கா போய் நயாகரா பார்க்காமல் வருவது அவர்கள் கணக்கில் மதுரை போய் மீனாட்சியைப் பார்க்காமல் வருகிற மாதிரி. ஆனால் நீ இருப்பது மேற்குக் கரையில், அது இருப்பது கிழக்கே. இடையில் மூன்று மணி நேர வித்தியாசம். போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். குதிரைலாட அருவியின் பெரும்பகுதி கனடா பக்கம்தான். அங்கே நின்று பார்க்க எங்களுக்குத் தனி விசா வேண்டும். உயரம் மட்டும் பார்த்தால் அதற்கும் நம் குற்றாலம் பேரருவிக்கும் அவ்வளவு பெரிய வித்தியாசமில்லை. அகலத்திலும் தண்ணீரிலும்தான் அது எங்கேயோ இருக்கிறது. என்ன இருந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுக்க முடியாத அருவி.

யோசெமிட்டி. இதுதான் எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. நாலு மணி நேரப் பயணம்தான். ஆனால் அங்கேயும் சீசன் கணக்கு ஒன்று இருக்கிறது, அது நம்மூருக்கு நேர் எதிர். குற்றாலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் தண்ணீர். யோசெமிட்டியில் குளிர்காலத்துப் பனி உருகினால் தண்ணீர். மே, ஜூனில் பொங்கி விழுகிற 2,425 அடி அருவி, ஆகஸ்ட் கடைசியில் பெரும்பாலும் வெறும் பாறையாகிவிடுமாம். வற்றிய குற்றாலத்துக்கு யாராவது விருந்தாளியைக் கூட்டிப் போவார்களா? போதாததற்கு அது நீண்ட வார விடுமுறை. காரை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஒரு மே மாதம் வருகிறோம், அப்போது பார்க்கலாம்.

டிஸ்னிலேண்ட் பேரன் கேட்டது. அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. 1955-இல் திறந்த நாளிலிருந்தே அந்தப் பூங்காவைச் சுற்றி நீராவி ரயில் ஓடுகிறது என்பதால் எனக்கும் கொஞ்சம் சபலம்தான். ஆனால் அம்மாவின் முழங்கால் அந்த வரிசைகளில் நிற்காது. கிறிஸ்துமஸ் லீவில் நீங்கள் மூவரும் போய்வாருங்கள். சியாட்டிலை நீ சேர்த்திருப்பது உன் சிநேகிதன் அங்கே இருப்பதால் என்று எனக்குத் தெரியும். அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யன் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

இப்போது நான் கேட்பது உன் பட்டியலில் இல்லாதது. எங்களை ரயிலில் கூட்டிப் போ.

சிரிக்காதே. ‘அப்பா, இங்க யாரும் ரயிலில் போக மாட்டாங்க’ என்று 2017-லேயே நீ சொன்னாய். போகிறார்கள். உன் வீட்டுப் பக்கத்து எமரிவில்லிலிருந்து தினமும் காலையில் கலிபோர்னியா செஃபிர் என்று ஒரு வண்டி கிளம்பி, 2,438 மைல் ஓடி, இரண்டு ராத்திரி தாண்டி சிகாகோ போகிறது. நமக்குச் சிகாகோ வேண்டாம். சாக்ரமெண்டோவில் ஏறி ட்ரக்கியில் இறங்குவோம். மூன்றரை மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்தில் வண்டி சியரா நெவாடா மலையைத் தாண்டுகிறது. சாக்ரமெண்டோ கடல்மட்டத்திலிருந்து 30 அடி. அங்கிருந்து நூறு மைல் சொச்சத்தில் 7,000 அடிக்குச் சற்றுக் கீழே வரை ஏறுகிறது.

செங்கோட்டையிலும் பகவதிபுரத்திலும் எத்தனை வருஷம் கொடி காட்டியவன் நான்! புனலூர் மலைப்பாதையில் பின்னால் ஓர் இன்ஜின் வைத்துத் தள்ளித்தான் வண்டியை ஏற்றுவோம். சின்ன வயதில் நீ பதிமூன்று கண் பாலத்தை எண்ணுவதற்காக ஜன்னலில் தலையை நீட்டி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். அது 1904-இல் திறந்த பாதை. சியரா பாதையில் அதற்கு நாற்பது வருஷம் முன்பே வேலை ஆரம்பித்துவிட்டது. சென்ட்ரல் பசிஃபிக் கம்பெனி மேற்கிலிருந்தும், யூனியன் பசிஃபிக் கிழக்கிலிருந்தும் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்து 1869 மே 10 அன்று யூட்டாவில் சந்தித்தார்கள். சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் என்று அரசாங்கம் கடன் கொடுத்தது. உடனே கம்பெனிக்காரர்கள் மலை சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். ஆபிரகாம் லிங்கனே அதற்குச் சம்மதித்தார் என்று படித்தபோது சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ரயில்வே கான்ட்ராக்ட் எல்லா ஊரிலும் ஒரே கான்ட்ராக்ட்தான் போலிருக்கிறது.

மலையைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள், ஆயிரக்கணக்கில். உச்சியில் 1,659 அடி நீளத்துக்குக் கருங்கல் சுரங்கம். இரண்டு முனையிலிருந்தும் குடைந்தது போதாதென்று, நடுவில் மேலிருந்து ஒரு கிணறு இறக்கி அங்கிருந்தும் இரண்டு பக்கமும் குடைந்தார்கள். அப்படியும் குடைகிற ஒவ்வொரு முனையிலும் ஒரு நாளைக்கு ஓர் அடி நகர்ந்தால் பெரிது. பனிக்குள்ளேயே வளை தோண்டி வாழ்ந்துகொண்டு வேலை செய்திருக்கிறார்கள். 1867 ஜூனில் வெள்ளைக்காரர்களுக்குக் கொடுக்கிற சம்பளம் எங்களுக்கும் வேண்டும் என்று வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி சாப்பாட்டை நிறுத்தியது. ஒரே வாரத்தில் திரும்பிவிட்டார்கள். நம் ரயில்வேயில் 1974 வேலைநிறுத்தம் முடிந்த மறுவருஷம் வேலையில் சேர்ந்தவன் நான். சீனியர்கள் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்ததால், இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்தப் பழைய சுரங்கத்தில் இப்போது வண்டி ஓடுவதில்லை. 1993-இல் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது ஓடுவது 1925-இல் தோண்டிய வேறொரு சுரங்கத்தில், இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பழைய டானர் கணவாய்ச் சாலையிலிருந்து பார்த்தால், சீனர்கள் சுண்ணாம்பு இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர் மேலே தெரியுமாம். அதை நான் பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரு டாக்ஸி பிடித்துக்கொள்வோம்.

கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், கேள். வெள்ளிக்கிழமை காலை ஃப்ரீமாண்ட் ஸ்டேஷனிலேயே கேப்பிடல் காரிடார் வண்டி ஏறிச் சாக்ரமெண்டோ போய்விடலாம். அங்கே பழைய நகரத்தில் ரயில்வே மியூசியம் இருக்கிறது. 1944-இல் செய்த ஒரு நீராவி இன்ஜின் அங்கே நிற்கிறது. டிரைவர் கேபின் முன்னால், புகைபோக்கி பின்னால்! சியராவில் சுரங்கமும், பனி விழாமலிருக்கத் தண்டவாளத்துக்கு மேலே போட்ட மரக்கூரையும் மைல்கணக்கில் இருந்ததால், டிரைவருக்குப் புகையில் மூச்சு முட்டியது. அதற்காக இன்ஜினையே திருப்பிப்போட்டுவிட்டார்கள். கரி அள்ளிப்போட வேண்டியதில்லை, எண்ணெய் இன்ஜின் என்பதால் அது முடிந்தது. அந்த ரகத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பேரனை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை முற்பகல் செஃபிர். மாடி வண்டி. பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பொதுப்பெட்டி ஒன்று உண்டு, அங்கே யார் வேண்டுமானாலும் உட்காரலாம். போகும்போது கோல்ஃபாக்ஸ் தாண்டினதும் தெற்குப் பக்கம், அதாவது வலது கைப்பக்கம் உட்கார வேண்டும். அமெரிக்கன் ஆற்றின் பள்ளத்தாக்கு கீழே கிடக்கும். சுரங்கம் தாண்டினதும் இடது பக்கம் மாறிக்கொள்ள வேண்டும், டானர் ஏரி தெரியும். அப்புறம் லாடம் மாதிரி ஒரு வளைவு. நம் வண்டியின் வாலை நாமே பார்க்கலாம்.

ட்ரக்கியில் இரண்டு ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் டாஹோ ஏரிக்குப் போவோம். 1,645 அடி ஆழம். அறுபதுக்கும் மேற்பட்ட ஓடைகள் உள்ளே வருகின்றன, வெளியே போவது ட்ரக்கி ஆறு ஒன்றுதான். அதுவும் கடலுக்குப் போகாமல் நெவாடா பாலைவனத்தில் இன்னொரு ஏரியில் போய் முடிந்துவிடுகிறது. தன்னை அந்தக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தால் போதும் என்கிறாள் அம்மா. வேறு எங்கேயும் நடக்கச் சொல்லக் கூடாதாம்.

திங்கட்கிழமை காலை ட்ரக்கியில் திரும்ப ஏறலாம். இதில் ஒரு விஷயம். போகும்போது வண்டி எமரிவில்லில்தான் கிளம்புகிறது, அதனால் பெரும்பாலும் நேரத்துக்கு வரும். திரும்பும்போது அது சிகாகோவிலிருந்து இரண்டு நாள் ஓடி வருகிற வண்டி. பாதை யூனியன் பசிஃபிக்குடையது. பாசெஞ்சருக்குத்தான் முன்னுரிமை என்று சட்டம் இருந்தாலும், நீளமான கூட்ஸ் வண்டிக்காக இது லூப்பில், அதாவது ஒதுங்கி நிற்கிற பக்கத்துத் தண்டவாளத்தில், காத்துக்கிடப்பது நடக்கும். மூன்று மணி நேரம் தாமதமானால் பதற்றப்படாதே. 1952 ஜனவரியில் இதே மலையில் ஒரு வண்டி 226 பேரோடு பனியில் மூன்று நாள் மாட்டிக்கொண்டது. அத்தனை பயணிகளும் பிழைத்து வந்தார்கள். செப்டம்பரில் பனி கிடையாது, காட்டுத்தீப் புகைதான் பயம். புகை என்று செய்தி வந்தால் சாக்ரமெண்டோவோடு திரும்பிவிடுவோம், எனக்கு மியூசியம் போதும்.

டிக்கெட்டைச் சீக்கிரம் எடு. இடம் நிறைய நிறைய விலை ஏறும். பேரனுக்குப் பாதி விலை. 65 வயது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் குறைவு. இங்கே அந்தச் சலுகையை 2020 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள், உன் பெரியப்பா இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார். எனக்கு ரயில்வே பாஸ் இருப்பதால் அவர் முன்னால் வாயைத் திறப்பதில்லை. ஓட்டல் செலவு என்னுடையது. மறுத்தால் கோபம் வரும்.

சாப்பாட்டுக்கு அம்மா புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் கட்டிவிடுவாளாம். மலைமேல் ராத்திரி குளிரும் என்றதும் எனக்கு மங்கி குல்லா எடுத்து வைத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு படம் எடுக்கக் கூடாது என்று மருமகளிடம் இப்போதே சொல்லிவை.

எய்யா, முக்கியமான விஷயத்தை எங்கேயோ விட்டுவிட்டேன். அந்தப் பொதுப்பெட்டியில் நாலு பேர் உட்காருகிற மேஜைகளும் இருக்கின்றன. எதிரும் புதிருமாக. நீ ஜன்னலோரம் உட்கார், நான் உனக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். ஆபீஸ் லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. மலைக்குள் சிக்னல் கிடைக்காது என்று உன் மேனேஜரிடம் சொல்லிவிடு, பொய்யும் இல்லை.

டிக்கெட் எடுத்ததும் தகவல் சொல். 6-ஆம் நம்பர் வண்டி, அதான் நாம் போகப்போகிற செஃபிர், எங்கே வருகிறது, எவ்வளவு தாமதம் என்று ஒரு வாரமாக இங்கிருந்தே தினமும் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன். நேற்று ட்ரக்கியில் பதினொரு நிமிஷம் லேட்.

அன்புடன்
அப்பா