ட்ரங்க் பெட்டியில பூட்டி வச்ச சாமானை பிள்ளைங்க கையில குடுக்கச் சொல்லி ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவாரூர் மாவட்டம்

பொருள்: தொடக்கப்பள்ளியில செய்து பார்த்துப் படிக்கறதுக்கான சாமான்களை பிள்ளைங்க பயமில்லாம தொட்டுப் பழக உத்தரவு போடச் சொல்லி

மதிப்பிற்குரிய கலெக்டர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

நான் திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு கடைமடை கிராமம். பையன் எங்க ஊர் ஸ்கூல்ல ரெண்டாவது முடிச்சு மூணாவது போகப்போறான், பொண்ணு அங்கன்வாடில இருக்கா. பள்ளி மேலாண்மைக் குழுவுல நானும் ஒரு உறுப்பினர். திங்கக்கிழமை மனு நாள்ல நேர்ல வரணும்னுதான் இருந்தேன், பருத்தி எடுக்கற வேலை ஓடிக்கிட்டு இருக்கு, ஒரு நாள் கூலி போயிடும்னு எழுத்துலயே அனுப்புறேன்.

போன வருஷம் குழு கூட்டத்துக்குப் போனப்ப ஆபீஸ் ரூம் மூலையில ஒரு ட்ரங்க் பெட்டி பூட்டியிருந்துச்சு, என்னன்னு கேட்டேன். மணிச்சட்டம், எழுத்து அட்டை, தராசு, பூதக்கண்ணாடி, காந்தம்னு எல்லாம் உள்ள இருக்காம். ஏன் பூட்டி வச்சிருக்கீங்கன்னு கேட்டதுக்கு, ஸ்டாக் ரெஜிஸ்டர்ல கணக்கு காட்டணும், ஒண்ணு தொலைஞ்சாலும் ஆடிட்ல நாங்கதான் பதில் சொல்லணும்னு சொன்னாங்க. ஐயா நான் டீச்சர் மேல குறை சொல்ல வரல, அவங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க, அவங்க பயம் நியாயமான பயம், ஆனா அந்தப் பயத்துல பிள்ளைங்க அந்த சாமானை சுவத்துல மாட்டின படத்துல மட்டும்தான் பாக்குதுங்க. ஆறு வயசுப் பிள்ளை கையில குடுத்தா சாமான் உடையத்தான் செய்யும், நாலு சீட்டு தொலையத்தான் செய்யும், அதை குத்தமா எழுதாம இருந்தா போதும். இந்த மனுவே அதுக்குத்தாங்க.

கையில தொட்டா என்ன நடக்குதுன்னு என் வீட்லயே பாத்தேன். என் பையன் நூத்தி ரெண்டு எழுதச் சொன்னா 1002ன்னு எழுதுவான், நூறுன்னா 100, அதுக்குப் பக்கத்துல ஒரு 2, அவன் கணக்குல அது சரி. எத்தனை தடவை சொன்னேன், ரெண்டு அடி கூட குடுத்துட்டேன், இப்ப நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. எங்க மாமியார்தான் வெளக்குமாத்து ஈர்க்குச்சியை ஒடிச்சு பத்துப் பத்தா கட்டி, அப்படி பத்து கட்டை சேத்து ஒரு பெரிய கட்டாக்கி அவன் முன்னாடி வச்சாங்க. பெரிய கட்டு ஒண்ணு, சின்ன கட்டு ஒண்ணும் இல்ல, உதிரி ரெண்டு. அவனா விரல்ல தொட்டு ஒண்ணு, சைபர், ரெண்டுன்னான். அன்னைக்கு அப்புறம் அந்தத் தப்பு வரலைங்க.

அதே மாதிரி ஒரு படி நெல்லை உசரமான டப்பால கொட்டினா நிறைய இருக்குன்றான், அதையே அகல சட்டில கொட்டினா கொறஞ்சிருச்சுன்றான். இந்த வயசுல பிள்ளைங்களுக்கு அப்படித்தான் தோணும், வாயால சொல்லி மாத்த முடியாது, பத்து தடவை அதுங்களே கொட்டி அள்ளிப் பாக்கணும். எங்க வீட்ல பழைய ஆழாக்கு, உழக்கு, படி எல்லாம் இன்னும் இருக்கு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. அப்ப உரி அரைப்படி, உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி, அதாவது படியில எட்டுல ஒரு பங்கு. அஞ்சாவதுல பின்னம்னு வந்து பிள்ளைங்க முழிக்குதே, அது இவ்வளவுதான், நெல்லை அள்ளிக் கொட்டினா மூணாவது பிள்ளைக்கே புரியுது.

சயின்ஸும் அப்படித்தாங்க. வழக்கப்படி ஜூன் 12ல மேட்டூர் தொறப்பாங்க, ஸ்கூலும் அந்த மாசம்தான் தொறக்குது, எங்க வாய்க்காலுக்கு தண்ணி வந்து சேர கொஞ்ச நாளாகும். அந்தப் புதுத்தண்ணியில ஒரு வாளி பெரியவங்க யாராவது எடுத்துட்டு வந்தா போதும், பிள்ளைங்க வாய்க்கா பக்கம் போகவே வேணாம். கொஞ்சம் கரை மண்ணையும் போட்டு கண்ணாடி பாட்டில்ல குலுக்கி வச்சா மணல் உடனே அடியில போயிடும், அதுக்கு மேல வண்டல் படியும், களி மட்டும் ரொம்ப நேரம் கலங்கலாவே நிக்கும். நம்ம டெல்டா மண்ணே ஆறு கொண்டாந்து இப்படிப் படிய வச்சதுதான்னு அந்த பாட்டிலைக் காட்டி சொன்னா மறக்குமா? தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஏன் சாய மாட்டேங்குதுன்றதுக்கும் சாமான் வாங்க வேணாம், ஒரு கொட்டாங்குச்சியும் ஒரு உருண்டை களிமண்ணும் போதும், கனம் அடியில இருந்தா தள்ளினாலும் நிமிந்துக்கும்.

எழுத்துக்கு, ஆளுக்கு ஒரு வாக்கியம் அதுங்க பாத்ததைச் சொல்லட்டும், "எங்க வயல்ல நண்டு வளை பாத்தேன்"னு ஒண்ணு, "அப்பா நாத்து விட்டாங்க"ன்னு ஒண்ணு, டீச்சர் அதை அப்படியே பெருசா எழுதி படம் வரைய வச்சு தச்சுட்டா அதுதான் புஸ்தகம், தான் சொன்னதை தானே படிக்கற பிள்ளை எழுத்துக்கு பயப்படாது. ல, ள, ழ மூணையும் களிமண்ணுல செஞ்சா வளைவு எங்க மாறுதுன்னு விரலுக்கே தெரியும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்துல 29வது பிரிவுலயே செயல்பாடு வழியா, தானே தேடிக் கண்டுபிடிச்சு படிக்கணும்னு இருக்குங்க. அரசாங்கம் 2022ல கொண்டாந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஆடல் பாடல் செயல்பாடுன்னுதான் சொல்லுது, அதே வருஷம் நவம்பர்ல திருச்சியில தொடங்கின வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரை பிள்ளைங்களுக்கு சோதனை செஞ்சு காட்டுது. எண்ணம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பெட்டிக்குத்தான் பூட்டு.

அதனால ஐயா, கத்துக்கற சாமான் பிள்ளைங்க கையில உடைஞ்சா தொலைஞ்சா டீச்சர்கிட்ட பணம் பிடிக்க மாட்டோம், மேலாண்மைக் குழு தீர்மானத்துல எழுதி கையெழுத்து போட்டா கணக்கு முடிஞ்சுதுன்னு எல்லா தொடக்கப்பள்ளிக்கும் எழுத்துல ஒரு சுற்றறிக்கை அனுப்பணும். சாமான் பெட்டியில இல்லாம பிள்ளைங்க கைக்கு எட்டற அலமாரியில இருக்கணும். வாரத்துல ஒரு மத்தியானம் ஊர்ப் பெரியவங்க, அம்மாமாருங்க வந்து கூட உக்காந்து செய்ய அனுமதி வேணும், ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பு பாத்துக்கிட்டு போன்ல பதிவேத்தற வேலையும் பாக்கறாங்க, தனியா அவங்களால முடியாது. முடிஞ்சா வானவில் மன்றம் மாதிரி சின்னப் பிள்ளைங்களுக்கும் மாசம் ஒரு தடவை யாராவது வந்தா நல்லது. அங்கன்வாடிக்கு மட்டும் பெரிய சாமானா குடுக்கச் சொல்லுங்க, புளியங்கொட்டை, உளுந்து மாதிரி பொடிசா வேணாம், மூக்குல போட்டுக்கும்.

படி, உழக்கு, ஈர்க்குச்சி, களிமண், கொட்டாங்குச்சி எல்லாம் நாங்களே கொண்டாந்து தர்றோம். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள சுற்றறிக்கை வந்தா புதுத்தண்ணி வர்ற அன்னைக்கே பாட்டில் வச்சிடலாம்.

இப்படிக்கு,
ரெண்டாம் வகுப்பு பையனோட அம்மா,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்

இணைப்பு: எங்க தெரு அம்மாமாருங்க கையெழுத்தும் கைரேகையும் போட்ட தாள்