ஜாமீனுக்கு ஓர் ஆள்

அன்புள்ள முருகேசா,

இந்த வருஷம் மிளகு கைகொடுத்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

காபி சீசனில் உன் தோட்டத்தில் சமைத்துப் போட்டாளே, அந்தத் திருநங்கைப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஜெயிலில் அவளை ஆண்கள் பக்கம் போடுவார்களா, பெண்கள் பக்கமா என்று. அஸ்தம்பட்டியில் பஸ் ஜெயில் மதிலைத் தாண்டும்போதெல்லாம் அதுதான் நினைப்பாமே.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறதப்பா. தன் பாலினத்தைச் சொல்வது அவரவர் உரிமை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம், நால்சா என்கிற தேசிய சட்டப் பணிகள் ஆணையம் போட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. 2021-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், திருநர் கைதிகளை ஆண் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்கச் சொன்னார். 2022 ஜனவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: தனி அடைப்பு, தனிக் கழிப்பறை, தனிக் குளியலறை. ஆனால் சிறைப் புள்ளிவிவரத்தில் இவர்களுக்கென்று ஒரு கட்டம் வந்ததே 2020 கணக்கிலிருந்துதான். அதுவரை தலையைக்கூட எண்ணவில்லை.

பிரித்து வைப்பது சரி. அது தனியே பூட்டி வைப்பதாக மாறிவிடுகிறது, அங்கேதான் எனக்குக் கோபம். பல வருஷம் முன்பு வேறொரு ஊரில் உள்ளே இருந்த கதையை அவளே என்னிடம் சொன்னாள். "உன் பாதுகாப்புக்குத்தான்" என்று ஓர் அறையில் விட்டார்களாம். மற்றவர்களைத் திறந்துவிடும் நேரத்தில் இவளுக்குக் கதவு திறக்காது. பேச்சுத்துணை என்றால் சோறு கொண்டுவருகிறவர் மட்டும். ஹார்மோன் மாத்திரை நின்றுபோனது. சவரம் செய்ய பிளேடு கேட்டால் கிடையாது. தாடி முளைக்க முளைக்க, தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாளாம். குற்றம் செய்தவனுக்குத் தண்டனையாகக் கொடுப்பதை இவளுக்குப் பாதுகாப்பு என்று கொடுத்திருக்கிறார்கள். பிரித்து வைப்பது ஒதுக்கி வைப்பதாக ஆகக்கூடாது என்று அந்த 2022 கடிதத்திலேயே இருக்கிறது, யார் படித்தார்கள்?

என்னைக் கேட்டால், முதலில் அவளிடமே கேட்கணும். பெண்கள் பக்கம் போகிறேன் என்பார் ஒருவர், எங்கள் ஆட்களோடு விடுங்கள் என்பார் இன்னொருவர். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிற திருநம்பிகளை யாரும் நினைப்பதே இல்லை. ஆண்தானே என்று ஆண்கள் பிளாக்கில் தள்ளினால் என்ன ஆகும், நீயே யோசி.

நம்ம சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. ஆவதற்கே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. காக்கி போடவே அவ்வளவு பாடு என்றால் கம்பிக்குப் பின்னால் கேட்கவா வேண்டும்.

சரி, இப்போதைய சங்கதி. இந்த முறை அவளுக்கு ஜாமீன் கிடைத்தே நாளாகிவிட்டது, வெளியே வரத்தான் முடியவில்லை. ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். பெற்றவர்கள் எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள். அவள் அம்மா என்று கூப்பிடுகிற மூத்த திருநங்கை ஓடி ஓடி அலைகிறார், ஆனால் அவர் பெயரில் வீடும் இல்லை, வரி ரசீதும் இல்லை. ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் ஆள் காட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி மனுப் போடுகிறேன். அது எப்போது விசாரணைக்கு வருமோ.

ஒருவர் கிடைத்துவிட்டார். இன்னொருவராக நீ வருவாயா? அவள் வாய்தாவுக்கு வராமல் போனால் பணம் உன் தலையில்தான் விழும், அதை மறைக்கவில்லை. வீட்டில் பேசிக்கொள். வருவதானால் வீட்டு வரி ரசீது, ஆதார், போட்டோ இரண்டு எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கு. டிபன் நம் வீட்டில்.

அன்புடன்,
செல்வராஜ்