கேள்வித்தாளில் வராத பத்தி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கூலிங் ஊர் சர்ச் படத்தைப் பெரிதாக்கிக் கற்களை எண்ணிப் பார்த்தேன். 13. எல்லாமே குழந்தைகளுடைய சின்னச் சின்னக் கல்லறைகள். உனக்கு இங்கிலாந்தில், கென்ட்டில் வேலை என்றதும் அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்; எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வந்தது.

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முதல் பக்கத்தை எத்தனை வருஷம் காம்ப்ரிஹென்ஷனுக்குக் கொடுத்திருப்பேன்! அநாதைப் பையன் பிப், கல்லறையில் செதுக்கிய எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்தே அப்பா கட்டைகுட்டையாக, கறுப்பாக, சுருட்டை முடியோடு இருந்திருப்பார் என்று முடிவு கட்டுவான். பக்கத்தில் செத்துப்போன சகோதரர்களின் கற்கள். எத்தனை கற்கள் என்பது ஒரு மார்க் கேள்வி. 5 என்று எழுதினால் போதும். 1860-ல் இதை எழுதத் தொடங்கிய டிக்கன்ஸ் கூலிங்குக்குப் பக்கத்து ஊரான ஹையமில்தான் குடியிருந்தார். உள்ளபடி 13 என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று குறைத்திருப்பார். இது என் ஊகம்தான்.

27-ஆம் அத்தியாயத்திலிருந்தும் ஒரு பத்தி கொடுப்பேன். பிப்பை வளர்த்த அக்கா புருஷன், கொல்லர் ஜோ, லண்டனில் கனவானாகிவிட்ட பிப்பைப் பார்க்க வருவார். முட்டையிருக்கும் குருவிக்கூட்டைப் போலத் தொப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருப்பார். கணப்பின் மேல் வைத்தால் விழுந்துகொண்டே இருக்கும். வகுப்பே சிரிக்கும். அதோடு பத்தியை வெட்டிவிடுவேன். காசு கொடுத்து அவர் வரவைத் தடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப் அதற்கு முன்னால் சொல்வதையும், இந்த உடுப்பில் நான் சரிப்பட மாட்டேன், பட்டறையில் சுத்தியலோடு இருக்கும்போது நினைத்துப் பார் என்று சொல்லிவிட்டு ஜோ கிளம்புவதையும் ஒரு தடவைகூட வைத்ததில்லை. அதில் என்ன கேள்வி கேட்பது?

உன் சென்னை வீட்டுக்கு ஆபீஸ் நண்பர்கள் வந்த அன்று அப்பா மஞ்சள் பையை மடியிலேயே வைத்திருந்தார். "கீழ வைங்கப்பா" என்று மூன்று தரம் சொன்னாய். மெதுவாகத்தான் சொன்னாய், சரி. ஆனால் உள்ளே இருந்த முறுக்கை அவர் எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் நாங்கள் தின்றோம்.

இப்போது இரண்டு பேருக்கும் டிக்கெட் போடுகிறேன் என்கிறாய். "நீ போய்ட்டு வா, பட்டறையில வேலை கெடக்கு" என்கிறார் அவர். ஒரு வாரமாக லேத் ஓடவே இல்லை.

அந்த அத்தியாயத்தை முழுசாகப் படி. அப்புறம் அவருக்குப் போன் பண்ணு, எனக்கு வேண்டாம். பகலிலேயே பண்ணு, பட்டறையில்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்.

அம்மா