நான்கு நாள் தள்ளிப் பிறந்தவளின் நன்றி மடல்

அன்புள்ளவர்களே,

வானொலியில் பேசிப் பேசியே பழகிய வாய் எனக்கு. எழுத உட்கார்ந்தால் நேரத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றும். ஆனாலும் இந்த நன்றியை ஒலிவாங்கி முன்னால் சொல்லிக் காற்றில் விட மனமில்லை. காற்றில் விட்ட ஒரே ஒரு வாக்கியம் என்ன பாடு படுத்தும் என்று இந்த ஐந்து மாதத்தில் பார்த்துவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் என்னைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. யார் தொடங்கினார்களோ, அன்போடுதான் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அதில் என் பிறந்த தேதி தப்பு. கணவர் தப்பு. பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் எழுத்துப் பிசகாமல் சரியாக இருந்தன. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது அந்தச் சரியான வரிதான்.

அன்று இரவே நானே உட்கார்ந்து தேதியை மாற்றினேன். காலையில் பழையபடி இருந்தது. மறுபடி மாற்றினேன், மறுபடி பழையபடி. மூன்றாவது தடவை, மாற்றத்துக்கான காரணத்தைக் குறிக்கும் இடத்தில், “என் பிறந்தநாள் எனக்குத் தெரியாதா?” என்று கோபமாக எழுதினேன். அதற்கும் அசரவில்லை. ‘சான்று இல்லாமல் தகவலை மாற்றுகிறீர்கள், இதற்கு மேல் வேண்டாம்’ என்று ஓர் அறிவிப்பு வந்தது. என் பிறந்தநாளுக்கு நானே சான்று இல்லையாம்!

என் முதல் நன்றி, அந்த அறிவிப்பைப் போட்ட தன்னார்வலத் தம்பிக்கு. அப்போது அவர்மேல் இருந்த எரிச்சலை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. பிறகு நிலையத்தின் அலுவல் மின்னஞ்சலிலிருந்து எழுதி, நான் நான்தான் என்று நிறுவிய பிறகு, ஒருநாள் தொலைபேசியில் பேசினோம். அவர் சொன்னது இது: “நீங்கதான் அவங்கன்னு நான் நம்புறேன்க்கா. ஆனா நான் நம்புறது போதாது. நாளைக்கு உங்க பேரைச் சொல்லிக்கிட்டு வேற ஒருத்தர் வந்து மாத்தினாலும் நான் இதையேதான் சொல்லணும். அது உங்களுக்கும் நல்லதுதானே?” எனக்குப் பதில் வரவில்லை. ஒலிபரப்பில் இரண்டு விநாடி மௌனம் வந்தாலே பதறுகிறவள், அன்று கால் நிமிடம் பேசாமல் இருந்தேன்.

தேடிப் படித்தபோது இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்தது. தன் நாவலின் பாத்திரம் யாரை வைத்து உருவானது என்று விக்கிப்பீடியாவில் தவறாக இருக்கிறது என்றார் அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத். எழுதியவர் சொன்னால் மட்டும் போதாது, வேறு சான்றும் வேண்டும் என்றார்கள். 2012இல் அவர் விக்கிப்பீடியாவுக்கு ஒரு நீண்ட திறந்த மடலை நியூ யார்க்கர் இதழின் தளத்தில் எழுத வேண்டியதாயிற்று. 2022 டிசம்பரில் எமிலி செயின்ட் ஜான் மாண்டெல் என்ற நாவலாசிரியரின் நிலைமை இன்னும் வேடிக்கை. மணமுறிவு ஆகிவிட்டது, பக்கத்திலோ இன்னும் மணமானவர். ‘பத்திரிகையாளர் யாராவது என்னைப் பேட்டி எடுத்து இதைக் கேளுங்களேன்’ என்று ட்விட்டரில் வேண்டுகோள் வைத்தார். ஸ்லேட் இதழ் அதற்கென்றே ஒரு பேட்டி எடுத்துப் போட்டது. எனக்கு நியூ யார்க்கரும் இல்லை, ஸ்லேட்டும் இல்லை. என்னிடம் இருந்தது எங்கள் ஒலிப்பொறியாளர் அண்ணா ஒருவர்தான்.

அவர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. போன் செய்து, அந்தத் தப்பான தேதியைச் சொல்லி, “அன்னிக்கு நமக்கு ஏதாவது விசேஷ நிகழ்ச்சி இருந்துதா அண்ணா?” என்று கேட்டேன். “இரும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். நிலையத்தில் அனுமதி வாங்கி, நாடாக்கள் அடுக்கிய அறையில் ஒரு பிற்பகல் முழுவதும் தும்மிக்கொண்டே தேடியிருக்கிறார். மாலையில் ஒரு படம் அனுப்பினார். பழுப்பேறிய அட்டைப் பெட்டி, பக்கவாட்டில் ஒட்டிய சீட்டு, அதில் அவருடைய கையெழுத்து. ‘பதிவு’ என்பதற்கு எதிரே நீல மையில் ஒரு தேதி. ‘ஒலிபரப்பு’ என்பதற்கு எதிரே சிவப்பு மையில் இன்னொரு தேதி. இரண்டுக்கும் இடையே நான்கு நாள். நீலம் என் பிறந்தநாள். சிவப்பு அந்தப் பக்கத்தில் இருந்த தேதி.

நாடாவையும் ஓட்டிப் பார்த்தார். தொடங்கிய அரை நிமிடத்திலேயே என் குரல்: “இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள், அதனால பாட்டெல்லாம் என் விருப்பம்தான்!”

பதிவு செய்யும் நிகழ்ச்சியில் ‘இன்று’ என்ற சொல் வரவே கூடாது. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. நான் சொல்லியிருக்கிறேன், அவரும் வெட்டாமல் விட்டிருக்கிறார். நேயர் ஒருவர் நாட்குறிப்பில் நேர்மையாகக் குறித்துவைத்திருக்கிறார். அந்த நேயரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீங்கள் யாரென்று தெரியாது. இதைப் படித்தால், உங்களுக்கும் என் நன்றி. அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டியின் படத்தை அந்தத் தம்பிக்கு வெற்றிப் பெருமிதத்தோடு அனுப்பிவைத்தேன். “அருமையான படம்க்கா, ஆனா செல்லாது” என்று பதில் வந்தது. எங்கும் வெளியாகாத சீட்டு, வேறு யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத அறைக்குள் இருக்கிற பெட்டி. அது சான்றாகாதாம். அண்ணாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அவரோ, “சரிதானேம்மா, நான் எழுதின சீட்டுக்கு நானே சாட்சியா?” என்று சிரித்துவிட்டார்.

அடுத்த நன்றி, இரண்டாவது தன்னார்வலருக்கு. கல்லூரியில் படிக்கிற பெண் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தேதி சரியா தப்பா என்ற சண்டைக்குள்ளேயே அவர் வரவில்லை. அந்தத் தேதிக்குச் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது ஒரு நாளிதழில் வந்த பிறந்தநாள் வாழ்த்துக் குறிப்பு. பார்வைக்குக் கனமான சான்றுதான். அவர் செய்ததெல்லாம், பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து, அந்தத் தேதி முதன்முதலில் எப்போது ஏறியது என்று பார்த்ததுதான். குறிப்பு வெளிவருவதற்கு எட்டு மாதம் முன்பே ஏறியிருந்தது. அப்படியானால் நாளிதழுக்கு அது எங்கிருந்து கிடைத்திருக்கும்? வேறு நான்கு தளங்களிலும் அதே தேதி இருந்தது. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அவற்றின் பழைய நகல்களை எடுத்துப் பார்த்தார். கலைக்களஞ்சியத்தில் தேதி ஏறுவதற்கு முன் எடுத்த நகல் எதிலும் பிறந்த தேதி என்ற வரியே இல்லை. ஒருவர் எழுதினார், ஐவர் பார்த்து எழுதினார்கள், அந்த ஐவரில் ஒருவர் முதலாமவருக்குச் சாட்சியாகிவிட்டார்.

இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் ஒன்றையும் அவரே சொன்னார். 2009 பிப்ரவரியில் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சரானார் கார்ல் தியோடர் சூ குட்டன்பர்க். பிரபுக் குடும்பம், ஏற்கெனவே மூச்சு முட்டுகிற அளவுக்கு நீளமான பெயர். அதற்கு நடுவில் ‘வில்ஹெல்ம்’ என்று இன்னொரு பெயரை யாரோ விக்கிப்பீடியாவில் சொருகிவிட்டார்கள். நாளிதழ்கள் அதை அப்படியே அச்சிட்டன. சந்தேகம் கிளம்பியபோது, அந்தச் செய்திகளையே சான்றாகக் காட்டினார்கள். என் நான்கு நாள் எந்த மூலைக்கு!

ஆக, தப்பான தேதிக்குச் சான்று இல்லை என்று ஆயிற்று. சரியான தேதிக்கும் இல்லை. அப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்காகத்தான், உண்மையில், இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். “உங்களோட முழுப் பிறந்த தேதி அங்க இருக்கணுமா மேடம்?”

அதுவரை நான் இதை யோசித்ததே இல்லை. தப்பைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். என் தளத்திலேயே நான் வெளிப்படையாக எழுதிவைத்தால் சாதாரணத் தகவலுக்கு அதுவே போதும் என்றார், அந்த வழியும் உண்டாம். ஆனால் பிறந்த நாளும் மாதமும் ஆண்டும் சேர்ந்தால் அது வெறும் வாழ்த்து விஷயம் இல்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைக்கிறவன் அதைச் சொல்லித்தான் நம் நம்பிக்கையைப் பெறுகிறான். நாமும் பல இடங்களில் அதைச் சொல்லித்தான் நம்மை நிரூபிக்கிறோம். விக்கிப்பீடியாவில் இதற்கென்றே நெறி இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். உயிரோடு இருக்கும் ஒருவர் தன் முழுப் பிறந்த தேதி வெளியாவதை ஆட்சேபித்தால், எச்சரிக்கையின் பக்கம் நின்று ஆண்டை மட்டும் போட்டால் போதும். எங்கள் கலைக்களஞ்சியத்திலும் அதையே பின்பற்றுகிறார்களாம்.

இந்த நெறி சும்மா வந்ததில்லை. 2005இல் ஜான் சீகென்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரின் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ விளையாட்டுக்கு எழுதிவைத்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அவர் நாளிதழில் எழுதி உலகறியச் செய்த பிறகுதான், வாழும் மனிதர்களைப் பற்றி எழுதுவதற்குத் தனி விதிகளை வகுத்தார்கள். பாவம், அவர் பட்ட அவதியின் பலன் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது அங்கே ஆண்டு மட்டும் இருக்கிறது. இந்த மடலிலும் தேதியை எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

பிள்ளைகளின் பெயர்களை நீக்கியது பத்து நிமிட வேலை. அதற்கு யாரும் சான்று கேட்கவில்லை, நான் யார் என்றும் கேட்கவில்லை. அவர்கள் பொதுவாழ்வில் இல்லை, பெயர் தேவையில்லை, நீக்கியாயிற்று. நள்ளிரவில் அதைச் செய்த, இன்னும் யாரென்றே தெரியாத அந்தக் கைக்குக் கும்பிடு.

கணவர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடம் என்னோடு காலை நிகழ்ச்சி செய்தவரை என் கணவராக்கியிருந்தார்கள். தினமும் நேயர்கள் முன்னால் அப்படிச் சண்டை போட்டால் வேறென்ன நினைப்பார்கள்! அவர் மனைவி போன் செய்து, “பேரை நீயே வச்சுக்கோ, வீட்டுக் கடன்ல மட்டும் பாதியக் கட்டிடு” என்றார். கோபித்துக்கொள்ளாமல் சிரித்ததற்கு அவருக்கும், தன் பெயர் எங்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்ட என் சொந்தக் கணவருக்கும் நன்றி.

கடைசியாக நூலகர் அம்மா. இவருக்கு நன்றி சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டியிருக்கிறது. நான் முதன்முதலில் வானொலியில் பேசிய ஆண்டு, பக்கத்தில் இருந்தது தப்பு என்று இவர்தான் கண்டுபிடித்தார். அந்தத் தப்புக்கு மூலம் நேயரும் இல்லை, நாளிதழும் இல்லை. நானேதான். எல்லாப் பேட்டியிலும் அந்த ஆண்டைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். பழைய நிகழ்ச்சி நிரல் இதழ்களை வரிசையாகப் புரட்டி, நான் சொன்ன ஆண்டு முழுவதும் என் பெயர் இல்லை, அடுத்த ஆண்டில்தான் வருகிறது என்றார். நான் விடவில்லை, நிரலில் விட்டுப்போயிருக்கும் என்றேன். “இருக்கலாம்மா, அச்சுல வர்றது திட்டம்தான், கடைசி நேரத்துல மாறியிருக்கும்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். 1923 முதல் 2009 வரை ரேடியோ டைம்ஸ் இதழில் வந்த நிரல்களை பிபிசி ‘ஜீனோம்’ என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கும் இதே எச்சரிக்கை உண்டு என்றார். அதனால் நிலையத்தின் ஒலிபரப்புப் பதிவேட்டையும் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். அதிலும் அடுத்த ஆண்டுதான்.

குரல் தேர்வுக்குப் போன ஆண்டை, பேசிய ஆண்டாக மனம் எப்போதோ மாற்றிவைத்திருக்கிறது. இத்தனை காலம் அதை ஒருவர்கூடச் சரிபார்க்கவில்லை. ‘வெள்ளி விழா’ என்று நிலையத்தில் எனக்குச் சால்வை போர்த்தியது உண்மையில் இருபத்து நான்காம் ஆண்டில். சால்வையைத் திருப்பித் தருவதாக இல்லை.

இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் வானொலிச் சிறுவர் நாடகம் ஒன்றில் நடித்தேன் என்ற வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று நிற்கிறது. அது நடந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று எழுத வந்தேன். இத்தனைக்கும் பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. அந்தக் காலத்து நிரல் இதழ்கள் யாரிடமாவது இருந்தால் நூலகத்துக்குக் கொடுங்கள். எனக்கு அனுப்பாதீர்கள், நான் அனுப்பினால் அந்தத் தம்பி வாங்க மாட்டார்.

அன்புடன்,
உங்கள் காலை நிகழ்ச்சிக்காரி